இரண்டு செங்கல் உயரம்

சுகமாக இருந்தது, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பதினொரு நாளாக இல்லாத சுகம். கண் விழித்தபோது முகம் கனக்கவில்லை, காதுக்குள் இரைச்சல் இல்லை, காலையில் தின்ற இட்லி நெஞ்சுக்குழியில் ஏறி நின்று எரிக்கவில்லை. சரி, உடம்பு ஒரு வழியாகப் பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தேனே, அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது, பதறக் கூடாது, வயிறு குலுங்கக் கூடாது, அது டாக்டரம்மாவின் உத்தரவு. மறுபடி கண்ணைத் திறந்தால் ஜன்னல் இடம் மாறியிருந்தது. இடது கைப் பக்கம் இருக்க வேண்டிய ஜன்னல் வலது கைப் பக்கம். ஜன்னல் நகராது, நான்தான் நகர்ந்திருக்கிறேன் என்பது புரிய, பத்து வருஷமாக எட்டாம் வகுப்புக்கு ஈர்ப்பு விசை நடத்துகிற இசக்கியம்மாள் டீச்சருக்கு முழுசாக ஒரு நிமிஷம் ஆனது. இந்தக் கட்டிலின் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்திருக்கிறார்கள். அது என் கால்மாடு. கால் மேலே, தலை கீழே. அப்படிக் கிடந்தால் குழந்தையின் பாரம் கர்ப்பப்பையின் வாயை விட்டு விலகி நெஞ்சுப் பக்கம் சாயும். இன்றைக்குத் தலையணை செங்கல் பக்கம் இருந்தது. தலை மேலே, கால் கீழே. காலை ஒன்பதரையிலிருந்து மத்தியானம் இரண்டு வரைக்கும், நாலரை மணி நேரம், குழந்தையின் பாரம் மொத்தமும் கர்ப்பப்பையின் வாயில் போட்டிருக்கிற அந்த ஒரே ஒரு தையலின் மேல்.

கத்தினேன் என்று நினைக்கிறேன். கிறிஸ்டிலா சிஸ்டர் ஓடி வந்தாள், ஆயாம்மாக்கள் இரண்டு பேர் வந்தார்கள், விரிப்போடு சேர்த்து என்னைத் தூக்கித் திருப்பிப் போட்டார்கள், ரத்தம் மறுபடி முகத்துக்கு இறங்கியது, காது இரைய ஆரம்பித்தது, அந்த இரைச்சல் அவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று யார் கண்டது. "யாரு தலையணைய மாத்துனது? காலையில டூட்டில இருந்தவங்க ஒருத்தர்கூடவா பாக்கல?" என்று சிஸ்டர் கேட்க, என் மாமியார் பிரம்மசக்தி அத்தை, கையில் ஃபிளாஸ்கோடு நின்றவள், "நாந்தாம்மா" என்றாள். "வடக்க தலை வச்சுப் படுத்துக் கெடக்கா புள்ளத்தாச்சி. வந்த நாள்லேருந்து சொல்லுதேன், யாரும் காதுல வாங்கல. காலையில ரத்தம் எடுக்கன்னு கீழ தள்ளிட்டுப் போனாவல்ல, அப்பத்தான் விரிப்ப உதறி தலமாட்ட அந்தால மாத்திப் போட்டேன்." "செங்கல் எதுக்கு வச்சிருக்குன்னு தெரியாதா உங்களுக்கு?" அத்தை குனிந்து, தொங்குகிற விரிப்பை விலக்கி, செங்கலை முதல் முறையாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள். "கட்டில் ஆடுதுன்னு வச்சிருக்காவன்னுல்லா நெனச்சேன்." சிஸ்டர் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். டாக்டரம்மா தியேட்டரில் இருக்கிறார், அடுத்தடுத்து இரண்டு சிசேரியன், நாலு மணிக்கு மேலே வந்து தையலைப் பார்த்து ஸ்கேன் வைப்பார், அதுவரை அசையக் கூடாது, இருமக் கூடாது, அழக் கூடாது. அத்தையைப் பார்த்து, "நீங்க வெளிய இருங்க" என்றாள். அத்தை ஃபிளாஸ்கைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வார்டு வாசலில் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு இருபது.

இன்றைக்கு அது இன்னும் அசையவில்லை. தூங்குவதற்கு முன் அசைந்ததா? ஒன்பது மணிக்கு வீல்சேரில் ஏறும்போது விலாவுக்குக் கீழே ஒரு தட்டு, அது அசைவா வாயுவா? ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அதற்கென்று காலையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அந்த மயக்கத்தில்தான் எந்தப் பக்கம் தலை எந்தப் பக்கம் கால் என்று தெரியாமல் விழுந்து தூங்கியிருக்கிறேன், நான் தூங்கினால் அதுவும் தூங்குமோ என்னவோ. மூச்சை மெதுவாக விடு, மெதுவாக. இருபத்தாறு வாரம். இருபத்தெட்டு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டரம்மா மங்கையர்க்கரசி சொல்லியிருக்கிறார். இன்னும் பதினாலு நாள். முதலாவது இருபது வாரத்தில் போனது, பள்ளிக்கூடத்து மாடிப்படியில், கரும்பலகைக்கு வரைந்துகொண்டு போன சூரியக் குடும்பம் சார்ட் கையில் சுருட்டியபடி இருந்தது. இரண்டாவது இருபத்திரண்டில், வீட்டில், வெறுமனே நின்றுகொண்டிருந்தபோது. வலியே இல்லை. வாசல் தானாகத் திறந்துகொண்டது, அவ்வளவுதான், உங்கள் கர்ப்பப்பையின் வாய் பலவீனமானது, பாரம் தாங்காது என்று பிறகு விளக்கினார்கள். பாரம் என்றால் என்ன கிலோக்கணக்கா, ஒரு மாம்பழக் கனம் இருந்திருக்குமா அது. அதையும் விடவில்லை பூமி. அன்றைக்கு ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன், உனக்கு இமயமலை இருக்கிறது, கடல் இருக்கிறது, இழுத்து வைத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது, என்னுடையதையும் கேட்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று. அதற்குப் பிறகு வகுப்பில் ஈர்ப்பு விசைப் பாடம் வந்தால் நான் புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிட்டு மணி அடிக்கக் காத்திருப்பேன்.

ஆனால் இந்தப் பதினொரு நாளில் ஒன்று யோசித்தேன், மல்லாந்து கிடப்பவளுக்கு யோசிப்பதைத் தவிர வேலை என்ன இருக்கிறது. இந்தத் தையல் ஒரு நூல். சுருக்குப்பைக்கு வாய்க்கயிறு கட்டுவதுபோலக் கட்டியிருக்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு பக்கம் அந்த நூல். மறுபக்கம் முழு பூமி, ஆறு எழுதி இருபத்துநாலு சைபர் போட்டால் வருகிற அத்தனை கிலோ, எரிமலையும் பனிப்பாறையும் பாளையங்கோட்டையும் சேர்த்து, மொத்தமும் ஒன்றாகச் சேர்ந்து கீழே இழுக்கிறது. நூல் நிற்கிறது. அப்படியானால் இது என்ன விசை? ஆய்வுக்கூடத்தில் குண்டூசியைக் கீழே போட்டுக் காந்தத்தை மேலே காட்டுவேன், குண்டூசி தாவி ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் காந்தத்துக்குக் கை தட்டுவார்கள். யாரும் மற்றதைக் கவனிப்பதில்லை, நானும் கவனித்ததில்லை. ஒரு குண்டூசிக்காக முழு பூமியும் ஒரு விரலளவு காந்தத்தோடு மல்லுக்கட்டித் தோற்கிறது. விசைகளில் ஈர்ப்புதான் ரொம்பப் பலவீனம். பலவீனம், ஆனால் எட்டாத இடமே இல்லை, எவ்வளவு தூரம் போனாலும் குறையும், தீராது. அந்தப் பலவீனமான கையை வைத்துக்கொண்டு சூரியன் நெப்டியூன் வரைக்கும் பிடித்து வைத்திருக்கிறது, நானூற்றைம்பது கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நீலக் கிரகம், நூற்று அறுபத்தைந்து வருஷத்துக்கு ஒரு சுற்று, விட்டுவிட்டுப் போகாமல். எனக்கு முதுகுத்தண்டு சில்லென்று ஆனது, இப்போதும் ஆகிறது, மல்லாந்து கிடக்கிற இந்தக் கோலத்திலும்.

வாசலில் அத்தையின் முதுகு தெரிகிறது. திரும்பிப் பார்க்க மாட்டாள், பார்க்கட்டும், பார்க்காமல் போகட்டும், எனக்கு அவள்மேல் வருகிற கோபத்துக்கு இந்தக் கட்டிலே ஆடும். வடக்காம், தெற்காம். தினமும் காலை இங்கிருந்து பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய் எனக்காக நவக்கிரகத்தை ஒன்பது சுற்றுச் சுற்றிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து எட்டு மணிக்குள் ஃபிளாஸ்கோடு வந்து நிற்பாள். சனி எனக்கு எட்டில் இருக்கிறாராம், அவர் பார்வை வயிற்றில் விழுகிறதாம். முந்தாநாள் அதற்கு ஒரு கணக்கே போட்டுப் பார்த்தேன், சும்மா இருந்த நேரத்தில், சைபர்களுக்குச் சைபர் அடித்துவிட்டு. சனியின் நிறை எவ்வளவு, தூரம் எவ்வளவு, தூரத்தைத் தூரத்தால் பெருக்கி நிறையை அதால் வகுத்தால் என் வயிற்றின் மேல் சனியின் இழுப்பு. அப்புறம் அத்தை. எழுபது கிலோ, கட்டிலோரம் ஸ்டூலில், அரை மீட்டர் தூரத்தில். இரண்டும் சமம். மறுபடி போட்டேன், அதே விடை, ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. வளையங்களோடும் நூற்றுக்கணக்கான நிலாக்களோடும் நூற்று நாற்பது கோடிக் கிலோமீட்டரில் சுற்றுகிற சனீஸ்வரன் என் பிள்ளையை எவ்வளவு இழுக்கிறாரோ அவ்வளவு இழுப்பு, காப்பி ஆற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிரம்மசக்தி அத்தைக்கும் உண்டு. சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன், என்னளா என்றாள், ஒன்றுமில்லை அத்தை என்றேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு பயமாகவும் இருந்தது, நல்ல பயம், கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வருகிற பயம். சனியும் இழுக்கத்தான் செய்கிறது. எதுவும் எதையும் சும்மா விடவில்லை. ஜோசியர்கள் சொல்லுகிற ராசிக்கு இரண்டரை வருஷமும் சரியாகத்தான் இருக்கிறது, பன்னிரண்டு ராசிக்கு முப்பது, சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை. வெறுங்கண்ணால் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள், எத்தனை தலைமுறை அண்ணாந்து பார்த்தார்களோ. இன்னொன்றும் தோன்றியது, இவ்வளவு காலம் கோயிலுக்குப் போயும் கவனிக்காதது. ஒன்பது பேர் நிற்கிற அந்த மேடையில் பூமி இல்லை. சூரியன் உண்டு, நிலா உண்டு, நிழல்களான ராகு கேதுவும் உண்டு. எல்லோரையும்விட என்னை இழுக்கிற பூமிக்கு அங்கே சிலை கிடையாது, அதன் மேல் நின்றுகொண்டுதான் கும்பிடுகிறோம், காலடியில் இருப்பது கண்ணில் படாது.

மணி மூன்றாகப் பத்து. ஈரம். தொடைக்கு நடுவே ஈரம்போல இருக்கிறது. வேர்வையாக இருக்கலாம், ரப்பர் ஷீட் போட்டிருக்கிறார்கள், சித்திரை வெயில், ஃபேன் காற்று கூரையோடு நின்றுவிடுகிறது. பனிக்குட நீராகவும் இருக்கலாம். கையை விட்டுப் பார்த்தால் தெரியும். பார்க்கப் போவதில்லை, பார்த்துவிட்டால் அது ஏதாவது ஒன்றாகிவிடும், இப்போதைக்கு இரண்டுமாக இருக்கட்டும். சிஸ்டரைக் கூப்பிடலாமா? நாலு மணிக்கு எப்படியும் வருகிறார்கள். அவருக்கு போன் பண்ணலாமா என்றால், என் வீட்டுக்காரர் வேலாயுதம் கயத்தாறில் காற்றாலை மராமத்துக்காரர், இந்நேரம் எண்பது மீட்டர் உச்சியில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு இருப்பார், அந்த உயரத்தில் இருக்கிற மனுஷனிடம் இதைச் சொல்லக் கூடாது. நீங்கள் பெல்ட்டில், நான் மெடிக்கல் லீவில், நம் குடும்பத்தில் எல்லோரும் விழாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறோம் என்று ஒருநாள் அவரைக் கேலி பண்ணினேன். விழுவது. மாரீஸ்வரி என்று ஒருத்தி, போன வருஷத்து எட்டாம் வகுப்பு, இரட்டைச் சடை, எண்ணெய் வழியும் நெற்றி. விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பது ஏன் என்ற கேள்விக்கு, அங்கே ஈர்ப்பு விசை இல்லாததால் என்று எல்லோரும் எழுதியிருக்க, அவள் மட்டும் "அவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் கேலியாக ஒரு கேள்விக்குறி வேறு. அவள் ஒன்றும் கேட்கவில்லை, பேப்பரை மடித்து வைத்துக்கொண்டாள். இங்கே வந்த பிறகு போனில் எதையோ தேடப் போய் அதைப் படித்தேன், அந்த நானூறு கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு முக்கால்வாசிக்கு மேல், பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறதாம். அவர்கள் விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள். முன்னோக்கி ஓடுகிற வேகத்தில் விழுகிறார்கள், பூமி உருண்டை என்பதால் தரை வளைந்து விலகிக்கொண்டே போகிறது, விழுந்து முடிப்பதே இல்லை. பள்ளிக்கூடம் திரும்பினால் முதல் வேலை அவளைக் கூப்பிட்டு அந்த மதிப்பெண்ணைப் போட வேண்டும்.

அப்படியானால் நிலாவும். நிலாவும் விழுகிறது, ஒவ்வொரு வினாடியும் நம்மை நோக்கி ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும், ஒன்றரைகூட இல்லை. இங்கே எல்லாம் மில்லிமீட்டர்தான், என் கர்ப்பப்பையின் வாய் போன ஸ்கேனில் பன்னிரண்டு மில்லிமீட்டர் நீளம், அதற்கு முந்தினதில் பதினெட்டு, இன்றைக்கு எத்தனையோ. நானூற்றைம்பது கோடி வருஷமாக அந்தப் பெரிய வெள்ளைக் கல் விழுந்துகொண்டே இருக்கிறது, ஒரு நாளும் நம் மேல் விழவில்லை. விழுவதும் சுற்றுவதும் ஒன்றே என்றால், இழுப்பதும் பிடித்துக்கொள்வதும் ஒன்றேதான். அம்மாடி. இதை நான் பரீட்சைக்குப் படித்தேன், பரீட்சைக்கே சொல்லிக்கொடுத்தேன், இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று ஒருநாளும் வாயைப் பிளந்ததில்லை. அந்த இழுப்பு இல்லாவிட்டால் காற்று இல்லை, கடல் இல்லை, மழை கீழே வராது, நான் யாரை வைதேனோ அந்தப் பூமிதான் இந்த வார்டின் காற்றையும் என் மூச்சுக்காகப் பிடித்து வைத்திருக்கிறது. காலையில் நான் தூங்கின நாலரை மணி நேரத்தில் பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் நாலு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் போயிருக்கிறது, நிலாவுக்கு இருக்கிற தூரத்தைவிட அதிகம், இந்தக் கட்டில், இந்தச் செங்கல், குளுக்கோஸ் ஸ்டாண்டு, வாசலில் ஸ்டூல், எதுவும் ஒரு துளிகூடச் சிந்தாமல். படுத்துக்கொண்டே சுற்றுகிற கிரகமும் ஒன்று உண்டு, யுரேனஸ், மற்றவையெல்லாம் பம்பரமாக நின்று சுழல அது மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து, எண்பத்துநாலு வருஷத்துக்கு ஒரு சுற்று. பிள்ளைகள் சிரிப்பார்கள். சோம்பேறிக் கிரகம் மிஸ் என்பார்கள். என்ன கஷ்டமோ அதற்கு, யாருக்குத் தெரியும். அசையேன். கண்ணே, ஒரு தடவை அசையேன். உனக்கு அங்கே வடக்கும் கிடையாது தெற்கும் கிடையாது, நீ தண்ணீரில் மிதக்கிறாய், விண்வெளிக்குப் போகிறவர்களைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுத்தான் பழக்குவார்களாம், நீ அவர்களைவிடக் கைதேர்ந்தவள், அல்லது கைதேர்ந்தவன், எதுவோ. இந்த ஆறு மாதத்தில் இப்போதுதான் உன்னோடு பேசுகிறேன். பேசினால் ஆசை வந்துவிடும் என்று பயந்து பேசாமல் இருந்தேன். ஆசை பேசாமலே வந்துவிட்டது, மறைத்து என்ன பிரயோசனம்.

நிழல் விழுந்தது. அத்தை. சிஸ்டர் இல்லாத நேரம் பார்த்து உள்ளே வந்து, கட்டிலுக்கு எட்டாத தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "பிள்ள அனங்குதா?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன், அவளுடைய வாய் கோணிக்கொண்டு போனது. "இசக்கி, நா ஒண்ணு கேக்கட்டா. அந்தச் செங்கல் எதுக்குத்தான் வச்சிருக்காவ?" கேட்டவளின் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சுரீர் என்றது. பதினொரு நாள். ராத்திரி பகல் பக்கத்தில் இருந்து எனக்குப் பெட்பேன் வைத்து, வாயில் சோறு ஊட்டித் தலைவாரி விட்டவள். நாற்பது பிள்ளைகளுக்கு மூச்சு முட்ட விளக்கம் சொல்லுகிற வாய், ஒருநாள், ஒரே ஒருநாள், அத்தை, இது இதற்காகத்தான் என்று அவளிடம் சொன்னதா? சனிக்கும் அவளுக்கும் கணக்குப் போட்டுத் தனியாகச் சிரிக்கத் தெரிந்தது. அவளுக்கு என்ன புரியப் போகிறது என்று நினைத்திருந்தேன், உண்மை அதுதான், அவள் மாற்றிப் போட்ட தலையணைக்கு நானும்தான் ஒரு கை கொடுத்திருக்கிறேன். மெதுவாக, வயிறு குலுங்காமல் சொன்னேன். "கீழ வாசல் தாங்காது அத்தை, தையல் போட்டிருக்கு. கால் பக்கம் உசரமா இருந்தா பிள்ளையோட கனம் வாசல்ல விழாம இந்தப் பக்கம் சாயும். அதுக்குத்தான்." அத்தை செங்கலைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், கையால் காற்றில் ஒரு சரிவு காட்டிப் பார்த்தாள். சட்டென்று புரிந்துகொண்டாள், என் வகுப்பில் பாதிப் பேருக்கு அவ்வளவு சீக்கிரம் புரியாது. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நானேல்லா தள்ளிவுட்டுட்டேன். எங்கையால நானே தள்ளிவுட்டுட்டேனே தாயி." இல்லை அத்தை, எழுந்திருங்கள், மேலே வந்து உட்காருங்கள் என்று சொல்ல நினைத்து, கையை மட்டும் கட்டிலோரம் தொங்கவிட்டேன், அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கோபம் எங்கே போனது என்று தேடினேன், இருந்தது, ஆனால் அதில் என் பங்கும் கலந்துவிட்டதால் அவளிடம் மட்டும் கொடுக்க முடியவில்லை.

நாலேகாலுக்கு டாக்டரம்மா வந்தார், தியேட்டர் தொப்பியைக்கூடக் கழற்றாமல். ஸ்கேன் வண்டியை ஆயாம்மா தள்ளிக்கொண்டு வந்தாள். அத்தையை வெளியே போகச் சொல்ல சிஸ்டர் வாயெடுத்தாள், இருக்கட்டும் சிஸ்டர் என்றேன். திரையை இழுத்துவிட்டு முதலில் தையலைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ, பத்து வினாடி இருக்கும், அதற்குள் நிலா ஒரு விரற்கடை விழுந்திருக்குமா என்று மனம் பைத்தியக்காரக் கணக்குப் போட்டது. "வேர்வைதான், தண்ணி உடையல. தையல் நல்லா இருக்கு" என்றார். பிறகு வயிற்றில் ஜில்லென்று பசை தடவிக் கருவியை வைத்து அழுத்தினார், ஸ்கேன் திரை எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரகரவென்று ஏதோ சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை, கருவி நகர்ந்தது, இன்னும் ஒன்றுமில்லை, அத்தையின் விரல்கள் என் கையை நெறித்தன. திடீரென்று வார்டே அதிர்கிற மாதிரி, டுப்புடுப்புடுப்பு என்று, எங்கேயோ போக அவசரப்படுகிற ஒரு சத்தம். "உங்க மாத்திரைதான் அதையும் தூங்க வச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. "வாய் பன்னிரண்டு இருந்துச்சா, இப்பவும் பன்னிரண்டு." என்னால் நம்ப முடியவில்லை. "நாலரை மணி நேரம் தலைகீழா... அதாவது நேரா... படுத்திருந்தேனே டாக்டர்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "டீச்சர், உங்ககிட்ட சொல்லுறதுக்கென்ன. செங்கல் வச்சாத்தான் நிக்கும்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் வச்சாங்க, நான் வைக்கிறேன். சும்மா இருக்க மனசு கேக்காது, என்ன செய்ய." அத்தை டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள், நானும் பார்த்தேன். தொப்பிக்குக் கீழே அவருடைய முகம் ரொம்பவும் களைத்திருந்தது.

அவர் திரையில் இங்கும் அங்கும் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார், தலைக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, தொடை எலும்புக்கு ஒன்று. சிஸ்டர் கேஸ் ஷீட்டோடு நின்றாள். "எழுதிக்கோ. எடை எண்ணூத்தி நாப்பது கிராம்." எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று, "என்ன சொன்னீங்க டாக்டர்?" என்றேன். "எண்ணூத்தி நாப்பது. இருபத்தாறு வாரத்துக்கு நல்ல எடைதான். இன்னும் ரெண்டு வாரம் பாப்போம்." முதல் இரண்டுக்கும் யாரும் எடை சொல்லவில்லை. யாரும் தூக்கித் தராசில் வைக்கவில்லை, ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், என் கணக்கில் அவை எவ்வளவு என்று ஓர் எண்கூடக் கிடையாது. இதற்கு ஓர் எண் இருக்கிறது. எடை என்றால் என்ன பிள்ளைகளே, எழுந்து நின்று சொல்லுங்கள், ஒரு பொருளைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறதோ அதுதான் மிஸ். ஆமாம். பூமிக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே இப்படி ஒன்று இருக்கிறது என்று அதற்குத் தெரியும், பேர் இல்லாவிட்டாலும், முகம் இன்னும் யாரும் பார்க்காவிட்டாலும். அப்புறம், பாடப் புத்தகத்தில் அதற்கு அடுத்த பக்கத்தில் இருப்பது, நான் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அழித்தது. இழுக்கப்படுகிற பொருளும் திருப்பி இழுக்கும். கொஞ்சம் குறைவாக, தன் சக்திக்கு ஏற்றபடி என்றெல்லாம் இல்லை. அதே அளவு, ஒரு மயிரிழை குறையாமல். எண்ணூற்று நாற்பது கிராம் இந்தப் பூமியை, கடலோடும் மலையோடும் சேர்த்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது, அதுவும் தூக்கத்தில். அப்போதுதான் விலாவுக்குக் கீழே ஓர் உதை, வாயு இல்லை, நிஜமான உதை, கருவி துள்ளியது, டாக்டரம்மா சிரித்தார். அழக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அழுதேன். அத்தை என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "என்னளா, என்னமும் கொறையா?" என்று பதறினாள். "இல்ல அத்தை, ஒரு கொறையும் இல்ல" என்றேன். "நம்ம பிள்ள பூமிய இழுக்குது." பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் என் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இழுக்கட்டும் தாயி" என்றாள். "நல்லா இழுக்கட்டும்."